வாட்ஸப் சேதியை நம்பும் பிள்ளைகள்: மஞ்சள் விலையில் தொடங்குங்கள்

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். பிள்ளைகள் வாட்ஸப்பில் வருவதையெல்லாம் அப்படியே நம்புகிறார்கள். சோதித்துப் பார்க்கும் பழக்கத்தை எப்படிக் கொண்டுவருவது? அரசியல் பேசுகிறேன் என்று பெற்றோர் சண்டைக்கு வரக் கூடாதுங்க.

பதில்: கட்சி சமாச்சாரத்தை முதலில் தொடவே வேண்டாம். மஞ்சளில் ஆரம்பியுங்கள். 'மஞ்சள் விலை எகிறியது' என்று குரூப்பில் வந்த சேதி ஒன்றைப் பிள்ளைகளே கொண்டுவரட்டும். அதே நாளின் ஈரோடு ஒழுங்குமுறை விற்பனைக்கூட விலையைப் பக்கத்தில் எழுதிப் போடுங்கள். விரலிக்கு ஒரு விலை, கிழங்குக்கு ஒரு விலை. இரண்டிலும் குறைந்தபட்சம், அதிகபட்சம் உண்டு. குரூப் சேதியில் அந்த உச்ச விலை மட்டும் இருந்தால் அது பொய்யில்லை, ஆனால் எல்லார் மூட்டைக்கும் கிடைத்த விலையும் இல்லை. அனுப்பியவர் விற்பவரா, வாங்குபவரா, அவருக்கு எப்படித் தெரியும்? வெள்ளாமை வீட்டுப் பிள்ளை சாயங்காலமே அப்பாவிடம் கேட்டுக்கொண்டு வந்துவிடும்.

அப்புறம் வரலாறு. மைசூருக்குப் போன வரிப்பணத்தைப் பறித்து, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே சின்னமலை பறித்ததாகப் போய்ச் சொல் என்றாராம் தீரன் சின்னமலை. 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டவரைப் பற்றி வாய்மொழியாக வந்த கதை இது. கட்டுக்கதை என்று தள்ளிவிடாதீர்கள்; பிள்ளைகள் மனம் சுருங்கிவிடும், அப்படித் தள்ளுவது சரியும் இல்லை. மக்கள் அவரை எப்படி நினைத்தார்கள் என்பதற்கு இது நல்ல சான்று. அன்று பேசிய வார்த்தைக்கு அவ்வளவு நல்ல சான்று இல்லை. அவரோடு போரிட்ட கிழக்கிந்தியக் கும்பினியின் கடிதங்களையும் இதே தராசில்தான் வைக்க வேண்டும்: மேலதிகாரிக்கு எழுதுகிறவன் தன் தோல்வியை விரித்தா எழுதுவான்?

இவ்வளவும் பழகிய பிறகு 2023 மார்ச்சுக்கு வாருங்கள். வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்வதாக வீடியோக்கள் பரவி, திருப்பூரில் பலர் பயந்து ஊருக்கு ரயிலேறினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே விசாரிக்க வந்தது. பரவிய காட்சிகளில் சில வேறு மாநிலத்தில் நடந்தவை. வகுப்பில் வீடியோவைப் போட்டுக் காட்டாதீர்கள், விவரித்தால் போதும். கடைப் பலகையின் எழுத்து, வண்டி நம்பர் எல்லாம் கவனிக்க வேண்டியவைதான். ஆனால் அதிலேயே கண்ணை நட்டுவைத்திருப்பதைவிட, அதை விட்டு வெளியே வந்து வேறு யார் என்ன சொல்கிறார்கள் என்று தேடுவது மேல். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கல்வி ஆய்வாளர் சாம் வைன்பர்க்கின் குழு, இணையதளங்களை யார் சரியாக எடைபோடுகிறார்கள் என்று சோதித்தபோது, வரலாற்றுப் பேராசிரியர்களைத் தகவல் சரிபார்ப்பவர்கள் முந்தியது இந்தப் பழக்கத்தால்தான்.

'எதையும் நம்பாதே' என்று மட்டும் சொல்லித் தராதீர்கள். எதையும் நம்பாதவன் ஓட்டுப் போடவும் வர மாட்டான். அக்டோபர் 2 கிராம சபைக்குப் பெற்றோருடன் போய், அங்கே வைக்கும் வரவு செலவில் தங்கள் தெருவைப் பற்றிய ஒரு வரியைக் குறித்துவரச் சொல்லுங்கள். தெருவில் அந்த வேலை நடந்திருக்கிறதா என்று மறுநாள் வகுப்பில் பேசிக்கொள்ளலாம்.