கரையிலிருந்தே ஆழம் தொட

கேள்வி: படகில்லாமல், கரையிலிருந்தே இறங்கி 30 மீட்டர் வரை ஸ்கூபா டைவிங் செய்ய ஆசை. அந்த ஆழத்துக்கான பயிற்சியும் சான்றிதழும் உண்டு. ஆனால் போன இடமெல்லாம் 8 மீட்டரைத் தாண்டவில்லை. ஆழமான இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் கடல் வரைபடத்தை எடுங்கள். 1:25,000 அளவில் 1 செ.மீ. என்பது 250 மீட்டர். 30 மீட்டர் ஆழக்கோடு (ஒரே ஆழமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) கரையிலிருந்து 1 செ.மீ.க்குள் வந்தால் அந்த இடம் தேறும். முழுச் சுமையோடு நிமிடத்துக்கு 15 மீட்டர் நீந்தலாம் என்று வைத்தால், 250 மீட்டருக்கு 17 நிமிடம். அதற்கு மேல் தூரமென்றால் திரும்பும்போது கால் சோர்ந்துவிடும். வரைபடத்தில் உள்ள ஆழம் பெரும்பாலும் மிகத் தாழ்ந்த வற்றத்துக்கானது. அன்றைய ஓத உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

குன்று நேரே கடலில் இறங்கும் கரைகளை முதலில் பாருங்கள். நீருக்கு மேலுள்ள சரிவு பெரும்பாலும் கீழேயும் தொடரும். ஆனால் மணற்கரை என்றதும் ஒதுக்கிவிட வேண்டாம். கலிபோர்னியாவின் லா ஹோயா ஷோர்ஸில் கடற்கரை மெல்லத்தான் சரிகிறது. ஆனாலும் கடலடிப் பள்ளத்தாக்கின் விளிம்பு நீந்தும் தூரத்தில் இருக்கிறது. இது செயற்கைக்கோள் படத்தில் எளிதில் பிடிபடாது, ஆழக்கோட்டில்தான் தெரியும்.

ஆழம் கிடைத்தபின் கவனிக்க வேண்டியது ஏறும் இடம். இறங்குவது எளிது, ஏறுவதுதான் சோதனை. செங்குத்தான கரையில் அலை ஓரத்திலேயே மடிந்து விழும். சிலிண்டரோடு நிற்பவரைப் புரட்டிவிடும். 20 நிமிடம் நின்று பாருங்கள், பெரிய அலைகள் கூட்டமாகத்தான் வரும். அலை ஒரே மீட்டர் உயரம்தான் என்றாலும், 6 நொடிக்கு ஒன்று வருவதைவிட 12 நொடிக்கு ஒன்று வருவதற்கு வலு அதிகம். ஏற இன்னொரு இடமும் பார்த்து வையுங்கள். காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசினால் நீர் அமைதியாகத் தெரியும், ஆனால் திரும்பும்போது அதே காற்று உங்களைத் தள்ளிக்கொண்டு போகும்.

கேள்வி: சிலிண்டரில் 50 பார் (காற்றழுத்த அளவு) காற்று மிச்சம் வைத்தால் போதாதா?

பதில்: 30 மீட்டரில் போதாது. உடன் டைவ் செய்யும் துணைவரின் காற்று தீர்ந்து, இருவரும் பதற்றத்தில் ஆளுக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர் மூச்செடுப்பதாக வையுங்கள். 30 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப்போல 4 மடங்கு, காற்றும் அத்தனை மடங்கு செலவாகும். அதனால் அடியில் ஒரு நிமிடத்துக்கு 240 லிட்டர், நிமிடத்துக்கு 9 மீட்டர் வீதம் ஏறிவர 500, 5 மீட்டரில் 3 நிமிடப் பாதுகாப்பு நிறுத்தத்துக்கு (உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நிற்பது) 270. மொத்தம் 1,010 லிட்டர். 12 லிட்டர் சிலிண்டரில் இது ஏறத்தாழ 85 பார். கரைவரை அடியிலேயே நீந்தித் திரும்ப நினைத்தால், அதற்கான காற்றை இதோடு சேருங்கள்.

கேள்வி: சுவர் போல நேராக இறங்கும் இடமா, சரிவா?

பதில்: தொடங்குபவருக்குச் சரிவுதான். தரையை ஒட்டியே மெல்ல மேலேறிக் கரைக்கு வரலாம், பாதுகாப்பு நிறுத்தமும் வழியிலேயே முடியும். சுவரில் மிதப்புத்தன்மை சற்றுப் பிசகினாலும் தாங்கத் தரை இல்லை. எகிப்தின் தஹாபில் உள்ள ப்ளூ ஹோல் என்ற ஆழமான கடற்குழி கரையை ஒட்டியே இருக்கிறது. 50 மீட்டருக்கும் கீழே உள்ள அதன் பாறை வளைவைக் கடக்க முயன்று பலர் இறந்திருக்கிறார்கள். பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40 மீட்டர்தான். உங்கள் சான்றிதழ் 30 என்றால், உங்களுக்கு அதுவே எல்லை.