கோழிக் கருவில் நிறம் பாதிப் பாதியாகப் பிடிக்கிறதா?

வணக்கம். இரண்டரை நாள் கோழிக் கருவின் உடற்பகுதியில் எச்என்கே-1 எதிர்ப்பொருள் (நியூரல் கிரெஸ்ட் செல்களை அடையாளம் காட்டுவது) போட்டதும் ஒவ்வொரு சோமைட்டிலும் (முதுகோரம் வரிசையாக அமையும் திசுத் துண்டு) முன்பாதி, அதாவது தலைப் பக்கப் பாதி, மட்டும் நிறம் பிடித்திருக்கிறது, பின்பாதி வெறுமையாக இருக்கிறது, சாயம் சரியாக ஊறவில்லையோ என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அந்தக் கருவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! நியூரல் கிரெஸ்ட் செல்கள், அதாவது கருவுக்குள் இடம்பெயர்ந்து போய் நரம்பு முடிச்சுகளாகவும் நிறமிச் செல்களாகவும் மாறும் செல்கள், போகும் வழியே அதுதான்.

நரம்புக் குழாயின் (பின்னர் மூளையும் தண்டுவடமும் ஆகும் குழாய்) முதுகுப்புறத்திலிருந்து பிரிந்து கீழே இறங்கும் இந்தச் செல்கள் சோமைட்டின் முன்பாதிக்குள் மட்டுமே நுழையும். பின்பாதிச் செல்களின் மேற்பரப்பில் எஃப்ரின்-பி வகைப் புரதம் இருக்கிறது. கிரெஸ்ட் செல்லில் அதற்கான ஏற்பி உண்டு. செல் நீட்டும் மெல்லிய முனை அதைத் தொட்டவுடன் சுருங்கிக்கொள்ளும், செல் வேறு பக்கம் திரும்பிவிடும். வேறு சில விலக்குப் புரதங்களும் அங்கே உண்டு. சோமைட் உருவாகும் முன்பே அந்தத் திசுவை முன்பின்னாகத் திருப்பி வைத்த சோதனைகளில் பாதையும் கூடவே திரும்பியது. ஆக, வழியைத் தீர்மானிப்பது சோமைட்தான், நரம்புக் குழாய் இல்லை. உணர்வு நரம்பு முடிச்சுகள் முதுகெலும்போரம் சீரான இடைவெளியில் அமைவதும் இதனால்தான். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்காத காட்சி இது.

அப்புறம், வால் பக்கத்துக் கடைசிச் சில சோமைட்டுகளில் நிறமே இல்லாவிட்டாலும் பயப்பட வேண்டாம். பயணம் தலையிலிருந்து வாலை நோக்கி நடப்பதால் செல்கள் இன்னும் அங்கே இறங்கியிருக்காது. தோலுக்கடியில் போகும் நிறமிச் செல்கள் இன்னும் தாமதம். ஏறக்குறைய ஒரு நாள் கழித்துத்தான் கிளம்பும்.