மலைய பேப்பர்ல எறக்குனது யாரு?

கேள்வி: மகள் ஓ.எல் படிக்கிறா. இடவிளக்கப்படம் பாடத்துல சமவுயரக்கோடு கீறி கீறி கண்ணு வலிக்குதுங்கிறா. இதெல்லாம் ஆமிக்காரங்க யுத்தத்துக்காக கண்டுபிடிச்சதுன்னு டீச்சர் சொன்னாங்களாம், உண்மையாங்க ஐயா?
வாசகி, தலவாக்கலை

பதில்: படம் ஆமியோடதுதான் தங்கச்சி, ஆனா ஒரே உயரமுள்ள எடங்கள சேக்கிற அந்தச் சமவுயரக்கோடு அவங்களோடது இல்ல.

1745ல ஸ்கொட்லாந்து மலநாட்டுல பெரிய கலகம், அடக்கப் போன ஆமிக்கு எந்தப் பள்ளத்தாக்கு எங்க போயி முடியுதுன்னு காட்ட ஒரு நல்ல படம் இல்ல. அதனால 1747ல வேலைய தொடங்கினாங்க, தொடங்கினவரு வில்லியம் ரோய், அப்ப 21 வயசு, ஆமியில சேரவும் இல்ல. ஒரு சர்வேயருக்கு 6 சிப்பாய்ங்க, ஒருத்தர் கருவிய தூக்க, ரெண்டு பேர் சங்கிலி புடிக்க, ரெண்டு பேர் முன்னுக்கும் பின்னுக்கும் அடையாளமா நிக்க, மிச்சம் ஒருத்தர் எடுபிடிக்கு. இப்படி 1755 வரைக்கும் ரோட்டோரமாவும் ஆத்தோரமாவும் சங்கிலி போட்டு அளந்தாங்க. மலைய மட்டும் அளக்கல, கண்ணால பாத்து தூரிகையால நெழல் மாதிரி தீட்டி விட்டாங்க. பாக்க அவ்வளவு அழகு, ஆனா உயரம் எவ்வளவுன்னு கேட்டா அந்தப் படத்துக்கிட்ட பதில் இல்ல.

ஒஸ்திரியாவுலயும் இதே கததான், ஏழாண்டுப் போர் முடிஞ்ச கையோட ராச்சியத்துல பெரும்பகுதிய படம் எடுத்து, எதிரி கையில சிக்கிரக் கூடாதுன்னு ரகசியமா பூட்டி வச்சாங்க.

நம்ம கண்ணுக்கு நல்லா புரியிறது லேமன் செஞ்ச வேல. அவரு சக்சனி நாட்டு ஆமி அதிகாரி, 1799ல சின்னச் சின்ன கீறு போட்டு சரிவ காட்டுற முறைய எழுதினாரு. தேயில நெரை மாதிரி மலைக்கு குறுக்கால இல்ல, மழத்தண்ணி ஓடுற பக்கமா நெட்டுக்குப் போற கீறு. சமதரைன்னா வெள்ளயா விடணும், சரிவு கூடக் கூட கீறு தடிக்கும், 45 பாகை வந்தா முழுக் கறுப்பு. பீரங்கிய எந்தப் பக்கம் ஏத்தலாம்னு சிப்பாய் பாத்த ஒடனே சொல்லிருவான்.

மகள் கீறுற கோடு வேற வழியா வந்தது. ஒல்லாந்துல குருகியுஸ்னு ஒரு சர்வேயர் ஆத்தோட ஆழத்த காட்ட ஒரே ஆழமுள்ள எடங்கள கோட்டால சேத்தாரு, அது 1730 வாக்குல. 1774ல பூமியோட எடைய கண்டுபிடிக்க ஸ்கொட்லாந்துல ஷிஹாலியன் மலைய அளந்தப்ப, குவிஞ்சு கெடந்த எண்கள வச்சு கணக்குப் போட்ட சார்லஸ் ஹட்டன் ஒரே உயரம் உள்ள புள்ளிகள சேத்துப் பாத்தாரு, மலை அப்படியே தெரிஞ்சிச்சு. அவரு சிப்பாய் இல்ல, ஆனா ஆமிப் பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியாரு. டீச்சர் சொன்னதுல அந்த அளவுக்கு உண்மை இருக்கு.

மகளுக்கு ஒண்ணு செஞ்சு காட்டுங்க. பெரிய உருளக்கெழங்கு ஒண்ண பாதியா வெட்டி கோப்பையில கவுத்து வச்சு, ஒரு விரல் அளவு தண்ணி ஊத்தி அந்த வெளிம்ப பேனாவால கீறணும், மறுபடி ஒரு விரல், மறுபடி கீறு. பெறகு தண்ணிய கொட்டிட்டு நேரா மேல இருந்து பாக்கச் சொல்லுங்க, கெழங்கு எங்க செங்குத்தோ அங்க கோடு நெருங்கி நிக்கும்.