ஹெட்செட்டில் படம் ஏன் பின்தங்குகிறது? – கேள்வி பதில்

விஆர் (மெய்நிகர் உலகைக் காட்டும்) ஹெட்செட்டின் லென்ஸ், திரை இரண்டிலும் சில வருடம் வேலை பார்த்தவன் நான். படத் தாமதம், படக் கோணல் பற்றிக் கேளுங்கள். எந்த மாடல் வாங்கலாம் என்று மட்டும் கேட்காதீர்கள். அப்புறம், ஹெட்செட்டை ஜன்னலோரம் வைக்காதீர்கள். அந்த லென்ஸ் பூதக்கண்ணாடி மாதிரி வெயிலைக் குவித்துத் திரையைப் பொசுக்கிவிடும்.

கவிதா: தலையைத் திருப்பினால் படம் எவ்வளவு நேரத்துக்குள் திரும்ப வேண்டும்?

20 மில்லி செகண்டுக்குள். 2013-ல் விளையாட்டு மென்பொருள் எழுதுபவரான ஜான் கார்மாக் இதைப் பற்றி எழுதியபோது வைத்த எல்லையும் அதுதான். செகண்டுக்கு 100 டிகிரி வேகத்தில் தலை திரும்புகிறது என்று வையுங்கள். 20 மில்லி செகண்டில் 2 டிகிரி போயிருக்கும். குவெஸ்ட் 2 என்ற ஹெட்செட்டில் ஒரு டிகிரிக்குச் சுமார் 20 பிக்சல். ஆக, படம் தன் இடத்தைவிட்டு 40 பிக்சல் தள்ளி நிற்கும். இதைச் சரிக்கட்ட, படம் ஒளிரும் நேரத்தில் தலை எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே கணித்து வரைகிறார்கள். வரைந்து முடித்தபின், திரைக்கு அனுப்பும் முன் தலை அசைவை அளக்கும் சென்சாரை இன்னொரு முறை பார்த்து, படத்தைக் கொஞ்சம் நகர்த்துகிறார்கள். இதுதான் டைம்வார்ப்.

ஆரிஃப்: அண்ணா, தலையைத் திருப்பும்போது எழுத்தெல்லாம் இழுபடுகிறது. இதுவும் தாமதம்தானே?

இது வேறு நோய், தம்பி. உங்கள் கண் எழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, தலை மட்டும் நகர்கிறது. பிக்சல் அந்த நேரம் முழுக்க ஒளிர்ந்தால் விழித்திரையில் கோடாக இழுபடும். 2013-ல் வந்த ஓக்குலஸ் நிறுவனத்தின் முதல் டெவலப்மென்ட் கிட்டில் (மென்பொருள் எழுதுபவர்களுக்கான ஹெட்செட்) இந்தத் தொல்லை இருந்தது. 2014-ல் வந்த இரண்டாவதில் ஓஎல்இடி திரையைக் கணநேரம் மட்டும் ஒளிரவிட்டு, மீதி நேரம் இருட்டாக வைத்தார்கள். 90 ஹெர்ட்ஸில், அதாவது செகண்டுக்கு 90 படம் காட்டினால், ஒரு பிரேம் 11 மில்லி செகண்ட். அதில் ஒன்றிரண்டு மில்லி செகண்ட் வெளிச்சம் போதும். பழைய ஃபோனை அட்டைப்பெட்டியில் சொருகிப் பார்க்கிறீர்கள் என்றால், அதற்கு மருந்து கிடையாது.

விமல்: கணிப்பு என்பது ஊகம். ஊகித்துவிட்டுத் தாமதமே இல்லை என்று விற்பது ஏமாற்று வேலை.

பாதி சரி. சீராகத் திரும்பும் தலையை நன்றாகவே கணிக்கலாம். சட்டென்று கிளம்பும்போதும் நிற்கும்போதும்தான் தப்பும். அந்தப் பிழை நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும்: தாமதத்தைப் பாதியாக்கினால் பிழை கால்வாசி ஆகிவிடும். அதனால் கணிப்பு இருந்தாலும் உண்மையான தாமதத்தைக் குறைத்தே ஆகவேண்டும்.

ஷாலினி: ஓரத்தில் பார்த்தால் சிவப்பு, நீல விளிம்பு தெரிகிறது. பழுதா?

பெரும்பாலும் இல்லை. லென்ஸ் படத்தின் மூலைகளை வெளியே இழுக்கும். மென்பொருள் அதே அளவுக்கு உள்ளே அமுக்கி அனுப்பும். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் வேறு வேறு அளவு வளைவதால் மூன்றையும் தனித்தனியாகத் திருத்துவார்கள். இந்தக் கணக்கெல்லாம் கண்மணி லென்ஸின் நடுவில் இருக்கிறது என்று நம்பிப் போட்டது. விலகினால் விளிம்பு தெரியும், கண்ணை உருட்டும்போது சுவர் நெளியும். கண்மணிகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்து ஹெட்செட்டில் அதையே வையுங்கள். குவெஸ்ட் 2-ல் 58, 63, 68 மில்லிமீட்டர் என மூன்றே இடம். உங்கள் அளவு 65 என்றால் 63, 68 இரண்டையும் போட்டுப் பார்த்து ஒத்துவருவதை வைத்துக்கொள்ளுங்கள்.

முரளி: எந்த ஹெட்செட் வாங்கலாம்?

மேலே முதல் பத்தி.

விமல்: டைம்வார்ப் இருந்தும் விளையாட்டில் என் கை இரண்டாகத் தெரிகிறதே?

இது நல்ல கேள்வி. டைம்வார்ப் நகர்த்துவது முடிந்துபோன ஒரு படத்தை. தலை திரும்பியதை அது ஈடுகட்டும், படத்துக்குள் இருக்கும் கை நகர்ந்தது அதற்குத் தெரியாது. செகண்டுக்கு 45 பிரேம் வரைந்து 90 ஹெர்ட்ஸில் காட்டினால் ஒரே கை ஒரே இடத்தில் இரண்டு முறை வரும், கண்ணுக்கு இரட்டையாகப் படும். 2016 கடைசியில் ஓக்குலஸ் கொண்டுவந்த ஸ்பேஸ்வார்ப் பொருள்களின் நகர்வையும் ஊகித்து நடுப்படத்தை உண்டாக்கியது. அதிலும் கைக்குப் பின்னால் மறைந்திருந்த இடம் ஜவ்வு மாதிரி இழுபடும். கிராஃபிக்ஸ் தரத்தைக் குறைத்து முழு 90-ஐ எட்டவிடுங்கள். அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஜெனிஃபர்: 120 ஹெர்ட்ஸ் வைத்தால் தலைசுற்றல் போகுமா?

ஜாய்ஸ்டிக்கால் நடந்தால் போகாது. கண் நடக்கிறது என்கிறது, சமநிலையை உணரும் உள்காது நிற்கிறேன் என்கிறது. உட்கார்ந்து ஆடும் விளையாட்டில் தொடங்குங்கள்.

பிரபு: 120 ஹெர்ட்ஸ் நல்லதா?

ஜெனிஃபருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

விமல்: சரி, தாமதத்தை நானே அளக்க வழி உண்டா?

உண்டு. உள்ளே நெற்றிப் பக்கமுள்ள, தலையில் மாட்டியிருக்கிறதா என்று பார்க்கும் சென்சாரை டேப் ஒட்டி மூடுங்கள், திரை அணையாது. செகண்டுக்கு 240 பிரேம் எடுக்கும் ஃபோனை நிறுத்திவைத்து, ஒரு லென்ஸைப் படம் பிடித்துக்கொண்டே ஹெட்செட்டைச் சட்டென்று திருப்புங்கள். கூடு நகர்ந்த பிரேமுக்கும் உள்ளே படம் நகர்ந்த பிரேமுக்கும் இடையே எண்ணுங்கள். ஒரு பிரேம் 4.2 மில்லி செகண்ட். வெயிலில் வைத்துச் செய்யாதீர்கள்.

ரேகா: திரையின் நடுவில் மஞ்சளாக ஒரு கோடு விழுந்திருக்கிறது. எந்த செட்டிங்கை மாற்றுவது?

ஜன்னலோரமா வைத்திருந்தீர்கள்? திரையைத்தான் மாற்ற வேண்டும்.

விமல்: அளந்தேன். 9 பிரேம் வந்தது.

கிட்டத்தட்ட 38 மில்லி செகண்ட். கம்ப்யூட்டரிலிருந்து வைஃபையில் வருகிறதா? அப்படியென்றால் கேபிள் போட்டு இன்னொரு முறை எடுங்கள். அப்புறம் சீரான வேகத்தில் சுற்றியும் ஒன்று எடுங்கள். அதில் எண்ணிக்கை குறைந்தால், நீங்கள் ஏமாற்று என்ற கணிப்பு அங்கேதான் வேலை செய்கிறது.