வாசகர் கேள்வி – பதில்: கனடா கூப்பிடுகிறது, பிரெஞ்சில்

வட ஒன்டாரியோவின் சட்பரியில் பிரெஞ்சு மொழிப் பகல்நேரக் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வேலை செய்கிறேன் என்று போன இதழில் போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த மாதம் அதிகம். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன்.

கேள்வி: நானும் கணவரும் பிரெஞ்சு வழியில் படித்தவர்கள். பிரெஞ்சு தெரிந்தால் கனடாவில் பிஆர் சீக்கிரம் கிடைக்குமாமே? மான்ட்ரியலில் குடியேற ஆசை. – ஒரு வாசகி, புதுச்சேரி

பிஆர், அதாவது நிரந்தரவாச உரிமை, கிடைக்கும் வாய்ப்பு கூடுதல் என்பது உண்மை. ஆனால் அந்த வழி மான்ட்ரியலுக்குப் போகாது. கியூபெக் மாகாணம் தனக்கு வேண்டிய குடியேறிகளைத் தானே தேர்ந்தெடுக்கிறது, அதற்கு விண்ணப்பமே வேறு. நீங்கள் கேள்விப்பட்டது எக்ஸ்பிரஸ் என்ட்ரி, புள்ளி போட்டு ஆள் எடுக்கும் மத்திய அரசின் முறை. அது கியூபெக்குக்கு வெளியே வாழ வருகிறவர்களுக்கு.

பேசுவது, கேட்பது, படிப்பது, எழுதுவது நான்கிலும் என்சிஎல்சி என்ற கனடாவின் பிரெஞ்சுத் தேர்ச்சி அளவுகோலில் 7-ஆவது நிலை வேண்டும். அது இருந்தால் கூடுதலாக 25 புள்ளிகள், ஆங்கிலமும் ஓரளவு இருந்தால் 50. 2023 முதல் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்றே தனி அழைப்புச் சுற்றுகளும் நடக்கின்றன, பொதுச் சுற்றைவிடக் குறைந்த மதிப்பெண்ணிலேயே அழைப்பு வந்துவிடுகிறது. பிரெஞ்சுப் பள்ளியான லிசேயில் படித்த சான்றிதழ் செல்லாது. டெஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடா தேர்வு எழுதத்தான் வேண்டும், அந்த முடிவும் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். எனவே மற்றப் பத்திரங்களைத் தயார் செய்துகொண்டு அப்புறம் தேர்வுக்குப் பணம் கட்டுங்கள்.

கேள்வி: பிரெஞ்சுக்குத்தான் கியூபெக் இருக்கிறதே. இங்கிலீஷ் பேசும் மாகாணங்களுக்கு நம்மை எதற்குக் கூப்பிடுகிறார்கள்? இதில் ஏதும் சூது உண்டா? – ஒரு வாசகர், லா கூர்னவ், பிரான்ஸ்

சூது இல்லை ஐயா. ஒரு மொழி கரைந்துகொண்டிருக்கிறது, அந்தப் பயம்தான்.

கியூபெக்குக்கு வெளியிலும் பத்து லட்சம் பேர் அளவில் பிரெஞ்சு பேசுகிறவர்கள் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். நியூ பிரன்ஸ்விக்கிலும் நோவா ஸ்கோஷியாவிலும் அக்காடியர்கள். மானிட்டோபாவில் சாங் போனிஃபாஸ். ஒன்டாரியோவில் ஒட்டாவாவும் எங்கள் வடக்குப் பக்கமும். 1971 கணக்கெடுப்பில் கியூபெக் தவிர்த்த கனடாவில் இவர்கள் 6.1 சதவீதம். 2021-இல் 3.3. யாரும் அடித்து விரட்டவில்லை. பிள்ளைகள் குறைந்தன, கலப்புத் திருமணங்கள் நடந்தன, வீட்டுக்குள் ஆங்கிலம் வந்தது. வெளியிலிருந்து வந்த குடியேறிகளும் கிட்டத்தட்ட எல்லோருமே ஆங்கிலப் பக்கம் சேர்ந்தார்கள்.

கியூபெக்குக்கு வெளியே வரும் குடியேறிகளில் 4.4 சதவீதமாவது பிரெஞ்சு பேசுகிறவர்களாக இருக்கட்டும் என்று 2003-இல் ஒரு இலக்கு வைத்தார்கள். அதைத் தொட 2022 ஆகிவிட்டது. ஏறத்தாழ இருபது வருடம்! 2023-இல் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தி, இலக்குகளோடு கூடிய ஒரு பிரெஞ்சுக் குடியேற்றக் கொள்கையை அரசின் கடமையாகவே ஆக்கினார்கள். 2024-இல் எண்ணிக்கை 7 சதவீதத்தைத் தாண்டிவிட்டது.

காப்பகத்தில் இதைத் தினமும் பார்க்கிறேன். சாயங்காலம் தாத்தாக்கள் பேரப்பிள்ளைகளைக் கூட்டிப்போக வருவார்கள். சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள், முரட்டுக் கைகள். தாத்தா பிரெஞ்சில் கேட்பார், பேரன் பூட்ஸை மாட்டிக்கொண்டே ஆங்கிலத்தில் பதில் சொல்வான். தாத்தா விடாமல் அடுத்த கேள்வியையும் பிரெஞ்சில் கேட்பார். பாரிஸிலோ ஸ்கார்பரோவிலோ ஒரு அம்மம்மா இருக்கும் வீட்டில் வளர்ந்த யாருக்கும் இந்தக் காட்சியை நான் விளக்க வேண்டியதில்லை.

மணல் தொட்டியில் மட்டும் கதை வேறு. அங்கே கேமரூனிலிருந்தும் காங்கோவிலிருந்தும் வந்த நாலு பிள்ளைகள் வாய் ஓயாமல் பிரெஞ்சில் சண்டை போடுவார்கள். வாளியை மீட்க வேண்டும் என்றால் இந்த ஊர்ப் பிள்ளையும் பிரெஞ்சில்தான் கத்தியாக வேண்டும். அரசாங்கம் புள்ளிக்கணக்கில் தேடுவது இந்தச் சத்தத்தைத்தான் என்று நான் நினைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மக்கள் மொழியைச் சும்மா விட்டவர்களும் இல்லை. 1912-இல் ஒன்டாரியோ அரசு 17-ஆம் விதி என்று ஒன்றைக் கொண்டுவந்து, ஆரம்பப் பள்ளியின் முதல் இரண்டு வருடத்துக்கு மேல் பிரெஞ்சு வழியில் கற்பிக்கக் கூடாது என்றது. 1916-இல் ஒட்டாவாவின் கிக் பள்ளிக்கூடத்து வாசலில், பிரெஞ்சில் பாடம் எடுத்த ஆசிரியைகளைப் போலீஸ் வெளியேற்றிவிடாதபடி தாய்மார்கள் தொப்பி ஊசிகளைக் கையில் பிடித்துக்கொண்டு காவல் நின்றார்கள். இதை முதலில் கேட்ட நாளிலிருந்து எனக்கு இந்த ஊர் அந்நியமாகத் தெரியவில்லை.

கேள்வி: இன்னும் குடியுரிமை இல்லாதவர்களின் பிள்ளையை பிரெஞ்சுப் பள்ளியில் சேர்ப்பார்களா? – ஒரு வாசகர், மொரீஷியஸ்

பிரெஞ்சு வழிப் பள்ளியில் படிக்கும் உரிமையை உரிமைச் சாசனத்தின் 23-ஆவது பிரிவு குடிமக்களுக்குத்தான் தருகிறது. ஆனாலும் பயப்படாதீர்கள். ஒன்டாரியோவில் ஒவ்வொரு பிரெஞ்சுப் பள்ளி வாரியத்துக்கும் ஒரு சேர்க்கைக் குழு உண்டு, வீட்டில் பிரெஞ்சு பேசும் புதுக் குடும்பங்களை அதன் வழியாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஒரு எச்சரிக்கை: ஆங்கிலப் பள்ளிகளில் இருக்கும் ‘பிரெஞ்சு இம்மர்ஷன்’ வேறு. அது ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் பிரெஞ்சு கற்பதற்கு. பெயரைப் பார்த்து அங்கே சேர்த்துவிட்டு, ஒரு வருடம் கழித்துத் தெரிந்துகொண்ட குடும்பங்கள் எங்களிடம் வருகின்றன.

கேள்வி: பிரெஞ்சில் ஏ2 முடித்திருக்கிறேன். போதுமா? – ஒரு வாசகர், சென்னை

போதாது தம்பி. என்சிஎல்சி 7 என்பது ஐரோப்பிய அளவுகோலில் சுமாராக பி2, உங்கள் ஏ2-வைவிட இரண்டு படி மேலே. சட்பரி, டிம்மின்ஸ், கெலோனா உட்பட ஆறு இடங்களுக்கென 2025 ஜனவரியில் அறிவித்த முன்னோடித் திட்டத்துக்கு 5-ஆவது நிலை போதும். ஆனால் அந்த ஊர் அங்கீகரித்த முதலாளி ஒருவரிடமிருந்து வேலை உறுதி வேண்டும். வேலையை நான் வாங்கித் தருகிறேன், காசு கொடு என்று எவராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கேள்வி: பிரெஞ்சைக் காட்டி பிஆர் எடுத்துச் சின்ன ஊர்களுக்கு வருகிறவர்கள் ஒரே வருடத்தில் டொரொண்டோவுக்கு ஓடி வந்துவிடுகிறார்கள். அந்த ஊர்களை ஏமாற்றுவது இல்லையா இது? – ஒரு வாசகி, ஸ்கார்பரோ

அக்கா, நானும் ஓடப் பார்த்தவள்தான். அதனால் உங்கள் கேள்வி எனக்கு உறைக்கிறது.

முதலில் சட்டம். குடிமகனோ நிரந்தரவாசியோ, விரும்பிய மாகாணத்துக்குப் போய் வாழலாம், வேலை செய்யலாம் என்று சாசனத்தின் 6-ஆவது பிரிவு சொல்கிறது. நல்ல நம்பிக்கையோடு வந்துவிட்டு, வாழ முடியாமல் போகிறவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் ஏன் போனார் என்று ஊர் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான் காரைக்காலில் பிறந்து பாரிஸ் புறநகரில் பதினோரு வருடம் இருந்தவள். வேலைவாய்ப்புக் கண்காட்சி ஒன்றில், பிரெஞ்சு இருந்தால் போதும் என்றார்கள். வந்தோம். என் கணவருக்கு ஆங்கிலம் வராது. சுரங்கங்களுக்கு உதிரிபாகம் தரும் ஒரு கம்பெனி அவரை நேர்காணலுக்குக் கூப்பிட்டது. விண்ணப்பப் படிவத்தில் ‘இருமொழி தெரிந்தவர்’ என்று இருந்தது, பேசியதெல்லாம் ஆங்கிலத்தில். வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். அப்படி நாலு முறை. கியூபெக்குக்கு வெளியே ‘பிரெஞ்சு வேலை’ என்று சொல்லப்படுவதில் பாதி, ஆங்கிலமும் தெரிந்தவருக்கான வேலை. இதைக் கூப்பிடும்போதே நேராகச் சொல்லிவிட வேண்டும். சொல்லாததுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம்.

இரண்டாவது பிப்ரவரியில் பெட்டி கட்டிவிட்டோம். டொரொண்டோ நானூறு கிலோமீட்டர், அங்கே சொந்தக்காரர்கள், கோயில், முருங்கைக்காய்.

அந்த வாரம் மைனஸ் முப்பது. காலையில் வண்டி கிளம்பவில்லை. எதிர்வீட்டுப் பாட்டி, எழுபதைத் தாண்டியவர், செருப்போடு வெளியே வந்து ‘உன் ஷாரைச் செருகவில்லையா?’ என்று பிரெஞ்சில் கேட்டார். நான் படித்த பிரெஞ்சில் ‘ஷார்’ என்றால் ராணுவ டாங்கி. இங்கே அது கார். அவரே குனிந்து, வண்டியின் முன்பக்கக் கம்பிகளுக்கு நடுவிலிருந்து ஒரு வயரை இழுத்துக் காட்டினார். இரவில் அதை வீட்டுச் சுவர் பிளக்கில் மாட்டிவைத்தால் எஞ்சின் உறையாது. ஒன்றரை வருடமாக அந்த வயர் அங்கே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது, எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களும் யாரையும் கேட்கவில்லை. அன்றைக்கு அவர் வீட்டுச் சமையலறையில் இரண்டு மணி நேரம் இருந்தேன். பிரெஞ்சுப் பள்ளி ஒன்றில் பராமரிப்பு ஆள் ஓய்வு பெறுவதாக அவர்தான் சொன்னார். கணவர் இன்றும் அந்த வேலையில்தான் இருக்கிறார். நான் அப்புறம் இங்கேயே உள்ள போரேயால் கல்லூரியில் குழந்தைக் கல்வி படித்தேன். முழுக்கப் பிரெஞ்சில்.

ஆக, துணைவருக்கும் வேலை, பிள்ளைக்குப் பிரெஞ்சுப் பள்ளி, பிரெஞ்சில் பேசும் ஒரு டாக்டர், வயரைக் காட்ட ஒரு ஆள். இந்த நாலும் இருந்தால் பெரும்பாலும் தங்கிவிடுகிறார்கள் என்பது நான் கண்ணால் கண்டது. 2020-இல் தொடங்கிய ‘வரவேற்கும் பிரெஞ்சுச் சமூகங்கள்’ என்ற திட்டம் நாலாவதைத்தான் குறிவைக்கிறது. சட்பரியிலிருந்து வடகோடி இக்காலுவிட் வரை பதினாலு ஊர்களில் தொடங்கினார்கள். புதியவரை எப்படி ஏற்பது என்று ஊர்க்காரர்களே கூடித் தீர்மானிக்க அரசு பணம் தருகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் கோட் கொடுப்பதும் விமான நிலையத்தில் பலகை பிடிப்பதும் முதல் வாரத்துக்குத்தான். போனில் ஆப்பிரிக்க உச்சரிப்பைக் கேட்டதும் ‘இடம் போய்விட்டது’ என்று சொல்லும் வீட்டுச் சொந்தக்காரர்கள் இருக்கும்வரை எந்தக் குழு கூடினாலும் குடும்பங்கள் தெற்கே போகத்தான் செய்யும். அப்படிப் போன ஒரு நர்ஸ் குடும்பத்தை நான் அறிவேன். அவர்களுடைய இரண்டு பிள்ளைகளும் எங்கள் மணல் தொட்டியில் இருந்தவர்கள்.

அடுத்த திங்கட்கிழமை கேமரூனின் டூவாலாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் எங்கள் காப்பகத்தில் பிள்ளையைச் சேர்க்கிறது. அப்பா பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறாராம். பாட்டிக்கு இப்போது முட்டி வலி, குனிய முடியாது. வயரை நான்தான் காட்ட வேண்டும்.