நாகர்கோவில் பக்கம் 19 வயதுப் பெண்ணுக்குத் தையல் பயிற்சி: எதைப் பார்த்துச் சேர்ப்பது?

18 வயது முடிந்திருந்தால் முதலில் ஆர்செட்டியில் (RSETI) கேளுங்கள். வங்கிகள் நடத்தும் பயிற்சி நிலையம் அது. கட்டணம் கிடையாது, சாப்பாடும் உண்டு. தையல் வகுப்பு சுமார் ஒரு மாதம். அடித்தளத்துக்கு அது போதும். கூலிக்குத் தைக்கப் போதாது. அதன்பின் ஊர்த் தையல் கடையில் சில மாதம் உட்கார்ந்தே ஆகவேண்டும்.

எங்கே சேர்ந்தாலும் வெட்டுவதைப் பிள்ளையின் கையில் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். காகிதத்தில் வரைந்து, பழைய துணியில் வெட்டி, பிறகுதான் புதுத்துணி. பிளவுஸ் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். முன்பக்கக் கைக்குழியைப் பின்பக்கத்தைவிட அரை இஞ்ச் கூடுதலாகக் குடையாவிட்டால் அக்குளருகே சுருக்கம் விழும். உள்ளே வைத்துத் தைக்கும் பருத்தி லைனிங்கை நனைத்து, காயவைத்து, தேய்த்தபின் வெட்டவேண்டும். இல்லையென்றால் முதல் துவைப்பிலேயே சுருங்கி மேல்துணியை இழுக்கும். பக்கத் தையலில் ஒன்றரை இஞ்ச் விட்டால் பிறகு பிரித்துத் தளர்த்தலாம்.

பருத்திக்கு 14ஆம் எண் ஊசி, மெல்லிய பட்டுக்கு 11. அடியில் நூல் வளையமாகத் தொங்கினால் அடிநூல் இருக்கும் பாபின் பெட்டியின் திருகைத் திருகாதீர்கள். மேல்நூலைக் கழற்றி மறுபடி கோர்த்துவிடுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

குளச்சல், முட்டம் மாதிரி கடலோர ஊர்களில் உப்புக்காற்றில் மெஷின் சீக்கிரம் துருப்பிடிக்கும். அதனால் எண்ணெய் விடவேண்டும்; விட்டதும் கழிவுத்துணியில் ஓட்டிப் பார்க்கவேண்டும், வாடிக்கையாளர் துணியில் கறை படக்கூடாது.