விறைப்பூசியால் வலிப்பு வந்த அம்மாவுக்குப் பல் பிடுங்கலாமா?

கோண்டாவிலில் இருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அம்மாவுக்கு 66 வயது, 42 கிலோ. போன வருடம் கையில் சத்திரசிகிச்சை செய்யக் கழுத்தடியில் விறைப்பூசி போட்டார்கள். காதுக்குள் இரைகிறது, நாக்கு விறைக்கிறது என்று சொன்னா. உடனே வலிப்பு வந்துவிட்டது. இப்போது கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டும், ஊசி என்றாலே மாட்டேன் என்கிறா. அது காக்கைவலிப்பா, ஒவ்வாமையா?"

இரண்டும் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ஒவ்வாமை என்றால் தடிப்பு, முகவீக்கம், மூச்சிழுப்பு வந்திருக்கும். காதிரைச்சல், நாக்கு விறைப்பு, அடுத்து வலிப்பு என்ற வரிசை, விறைப்பு மருந்து இரத்தத்தில் அளவுக்கு மிஞ்சி மூளைக்குப் போனதன் அடையாளம். மருந்து நரம்பின் சோடியம் வாசல்களை, அதாவது நரம்புச் செய்தி ஓட உதவும் வழிகளை, அடைக்கும். மூளையில் முதலில் அடங்குவது மற்ற நரம்புகளைக் கட்டுப்படுத்தும் கலங்கள். கடிவாளம் போனால் குதிரை ஓடும், அதுதான் வலிப்பு. மருந்து இன்னும் கூடினால் இதயமும் தடுமாறும்.

கழுத்தடி ஊசிக்கு மருந்தும் அதிகம் வேண்டும், பக்கத்தில் பெரிய இரத்தக்குழாய்களும் உண்டு. அங்கே என்ன மருந்து போட்டார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. புபிவகெயின் என்ற விறைப்பு மருந்து என்று வைத்துக்கொள்வோம்: கிலோவுக்கு 2 மில்லிகிராம் கணக்கில் அம்மாவுக்கு 84தான் எல்லை. 0.5 சதவீத மருந்து 20 மில்லிலீற்றர் போட்டாலே 100 ஆகிவிடும். எல்லைக்குள் இருந்தாலும், ஊசி நேரே குழாய்க்குள் போனால் கொஞ்சமே போதும்.

அப்போது செய்வது இதுதான்: ஊசியை நிறுத்தி, மூச்சுப்பாதையைக் காத்து, ஒட்சிசன் கொடுப்பார்கள். மூச்சடைத்துக் கரியமிலவாயு சேர்ந்தால் விறைப்பு மருந்து மூளையில் இன்னும் சிக்கிக்கொள்ளும் என்பதால், மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். வலிப்புக்கு மிடாசோலம் அல்லது டயசெப்பம். பெனிட்டோயின் என்ற வலிப்பு மருந்து இதற்குச் சரிவராது, அதுவும் சோடியம் வாசலையே அடைக்கும். பிறகு 20 சதவீதக் கொழுப்புக் கரைசல், கிலோவுக்கு 1.5 மில்லிலீற்றர். அம்மாவுக்கு 63 வரும். பார்க்கப் பால் போல இருக்கும், மருந்தை மூளையிலும் இதயத்திலும் இருந்து இழுத்தெடுக்க உதவும். 1998இல் எலிகளில் தொடங்கிய ஆய்வு இது. இன்று சத்திரசிகிச்சைக்கூடங்களில் தயாராக வைத்திருக்க வேண்டிய மருந்து.

சரி, பல்லுக்கு வருவோம். 2.2 மில்லிலீற்றர் குப்பி ஒன்றில் பல்லுக்குப் போடும் விறைப்பு மருந்தான 2 சதவீத லிக்னோகெயின் 44 மில்லிகிராம்தான். மருந்து இரத்தத்தில் சேர்வதைத் தாமதிக்கும் அட்ரினலினைக் கலக்காவிட்டாலும் கிலோவுக்கு 3 என்ற கணக்கில் அம்மா 126 வரை தாங்குவா. ஒரு பல்லுக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு குப்பி போதும். ஆகவே பயந்து பல்லை அழுக விட வேண்டாம். ஆனால் பழைய டயக்னோசிஸ் காட்டைக் கொண்டுபோய், எடையையும் நடந்ததையும் ஊசிக்கு முன்னரே சொல்லுங்கள். இதயம் அல்லது ஈரல் நோய் இருந்தால் போதனா வைத்தியசாலையில் செய்விப்பது நல்லது. வலிப்பு மாத்திரை தொடங்கியிருந்தால் நீங்களாக நிறுத்தாமல் கிளினிக்கில் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 1990ஐ அழையுங்கள். கையில் திறப்பு கொடுப்பதும் வாய்க்குள் கரண்டி வைப்பதும் வேண்டாம். ஊசி போடும்போது பல் வைத்தியரை அம்மாவுடன் பேச்சுக் கொடுத்துக்கொண்டே மெதுவாகப் போடச் சொல்லுங்கள். காது இரைகிறது என்று அம்மா சொன்ன உடனே நிறுத்திவிடலாம்.